பாட்டுக்குள் இருந்த அப்பா

அப்பாவின் வலது காலுக்கு வெள்ளை சாக்ஸ் சுலபமாக ஏறிவிட்டது. இடது காலில்தான் வம்பு. இரண்டு விரல்களைப் போன வருசமே சர்க்கரை கொண்டு போய்விட்டதால் சாக்ஸின் முனை தொளதொளவென்று தொங்கியது. ஆன்லின் பஞ்சைச் சுருட்டி உள்ளே திணித்து, இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். பரவாயில்லை. விரலை எடுத்த மூன்றாம் நாளே ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அல்வா கேட்ட மனுசர் யாகப்பன். கடைசியில் கிட்னியும் கைவிட்டது. நேற்று சாயங்காலம், அம்மா அமலராணி வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போதே அடங்கிப்போனார்.

நாலு மணிக்கு மாதா கோயிலுக்கு எடுப்பதாக ஏற்பாடு. மூன்று மணிக்கு நெடுமாறன் வந்து ஆன்லினைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். துறைமுகத்துக் கரித்தூசிக்கு எதிரான போராட்டக் குழுவை இத்தனை வருசமாக இழுத்துப் பிடித்து நடத்துகிறவர். அவள் பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனவரும் அவர்தான். துக்கம் விசாரித்தபோது அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. பிறகு மெல்ல விசயத்துக்கு வந்தார். பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் அவள் அந்தப் பாட்டைப் பாட வேண்டும், அவர் செல்போனில் பிடித்துக்கொள்வார். புதன்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம். கரி கொட்டும் இடத்தை இன்னும் பெரிசாக்கப் போகிறார்கள். அதற்குள் இந்த வீடியோ நாலு பேர் கண்ணில் பட்டால் போதும், கூட்டம் தானாகச் சேரும் என்றார்.

அந்தப் பாட்டை ஆன்லின்தான் கட்டினாள், கித்தாரில் மெட்டும் அவளே போட்டாள். இந்த இடம் வந்ததும் எந்த ஊர்க் கூட்டமும் பேச்சை நிறுத்திவிடும்:

*நெஞ்சு நெறயக் கரிய வாங்கி*
*நேத்து செத்தான் எங்கப்பன்*

நாலு வருசமாக, கோட்டுச்சேரியிலிருந்து விழிதியூர் வரை, மேடை மேடையாக அவள் அப்பாவைச் சாகடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவோ முன்வரிசையில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருப்பார். இவர்தான் அந்த அப்பன் என்று தெரியாமல், பாவம் அந்தப் பொண்ணு என்று பக்கத்துப் பெண்கள் அவரிடமே சொல்லி மூக்கைச் சிந்துவார்கள். பாவந்தான் என்று இவரும் தலையாட்டுவார். அதே துறைமுகத்திலிருந்து கரி ஏற்றிய லாரியைப் பதினெட்டு வருசம் ஓட்டியவர் அவர். அவள் கையிலிருந்த கித்தார்கூட அந்தச் சம்பளத்தில் வந்ததுதான்.

ஒருநாள் டாக்டர் எடுக்கச் சொன்ன எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தன் நெஞ்சு கண்ணாடியாட்டம் இருக்கிறது, அவள் பாட்டுக்குத்தான் என்னமோ வியாதி என்று சிரித்தார். ஆன்லினுக்குச் சுருக்கென்றது. பாட்டில் எங்கப்பன் என்றால் அது எல்லோருடைய அப்பனும்தான் என்று வாதாடினாள். அவர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னையப் போடணும்னா லாரியில உக்கார வச்சுப் போடு பாப்பா. நான் அங்கதான இருந்தேன்."

அவள் போடவில்லை. கரி ஓட்டினவனுக்காக எந்தக் கூட்டம் அழும்?

இப்போது நெடுமாறன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பொய்யா ஒண்ணும் சொல்லலியே ஆன்லின். அப்பா நேத்துதான போனாரு?"

"நேத்துதான் போனாங்க அண்ணே. ஆனா சர்க்கரையில போனாங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. தெற்குத் தெருவில் இன்னும் பதினோரு பேர் ராத்திரி பகலாக இருமிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களை நினைத்துப் பார் என்று மட்டும் சொன்னார். அதில் பொய்யில்லை. அவள் பாடாவிட்டால் புதன்கிழமை இருபது பேர்கூட வரமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். பாடினாலோ, அப்பாவின் நிஜச் சாவும் அந்தப் பாட்டுக்குள் போய்விடும். அப்புறம் அல்வா கேட்ட மனுசர் எங்கேயும் இருக்கமாட்டார். அதை நினைத்ததும் முதல்முறையாக அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது, ஜெபமாலை சொல்கிற பெண்களுக்குப் பின்னால், அப்பாவின் கால்மாட்டில் காசியம்மா உட்கார்ந்திருந்தார். தெற்குத் தெருக்காரர். புருசன் முத்தையன் துறைமுகத்தில் கரி அள்ளினவர், ஆறு வருசத்துக்கு முன்னால் இருமி இருமியே செத்துப்போனார். பாட்டில் வரும் கறுப்புச் சளியும், படுக்க முடியாமல் தலையணையை மடியில் அணைத்துக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருப்பதும் அந்த வீட்டிலிருந்து ஆன்லின் எடுத்தவை. கேட்டுவிட்டு எடுக்கவில்லை. தெற்குத் தெருக்காரர் ஒருத்தர் என்று பாடுவதைவிட எங்கப்பன் என்று பாடினால் எடுபட்டது, அவ்வளவுதான். காசியம்மா எல்லாக் கூட்டத்துக்கும் வந்து ஓரமாக நின்று கேட்பார், ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் புருசன் சாவை எடுத்துக்கொண்டு அவரை வேடிக்கை பார்க்க நிறுத்தி வைத்திருந்தோமே என்று ஆன்லினுக்கு முகம் எரிந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, மாமா என்னிக்குத் தவறுனாங்க?"

"ஆடியில. பதினெட்டுக்கு மறுநாளு."

"பேரச் சொல்லிப் பாடட்டுமா?"

காசியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பாடேன். அந்தப் பேர யாரு சொல்றா இப்ப."

அடுத்து அம்மாவிடம் போனாள். கேட்க வேண்டியது அங்கேயும் ஒன்று இருந்தது. காதோரம் குனிந்து புது வரியைச் சொன்னாள். அமலராணி அப்பாவின் சட்டைக் காலரை நீவிக்கொண்டே இருந்தார். கரி ஓட்டினதை அப்பா யாரிடமும் மறைத்ததில்லையே என்றார், நிமிராமல்.

ஜெபமாலை முடிந்ததும் ஆன்லின் கித்தாரை எடுத்துக்கொண்டு பெட்டியின் பக்கத்தில் நின்றாள். மைக் வேண்டாம் என்றுவிட்டாள். நெடுமாறன் செல்போனை உயர்த்தினார்.

*கரிய ஓட்டி வந்தான் எங்கப்பன்*
*கஞ்சி ஊத்தி வளத்தான் எங்கப்பன்*
*நெஞ்சு நெறயக் கரிய வாங்கி*
*ஆடியில செத்தான் முத்தையன்*

பழைய இடத்தில் புதுச் சொற்கள் சரியாக உட்காரவில்லை. 'ஆடியில' நீண்டு தாளம் நொண்டியது. நொண்டட்டும் என்று விட்டுவிட்டாள். மேடைகளில் அழுததுபோல் இங்கே யாரும் அழவில்லை. அப்பாவோடு லாரி ஓட்டிய இரண்டு பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முத்தையன் பேர் வரும்போதெல்லாம் காசியம்மாவின் உதடு மட்டும் கூடவே அசைந்தது.

இதையா அனுப்பச் சொல்கிறாய் என்று நெடுமாறன் கேட்டார். இதைத்தான் என்றாள். அவர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பெட்டிக்குத் தோள் கொடுக்கப் போனார்.

ஊர்வலம் மெயின் ரோட்டில் ஏறும்போது, கரி ஏற்றிய லாரிகள் தார்ப்பாய் படபடக்க வந்துகொண்டிருந்தன. பெட்டியைப் பார்த்ததும் முதல் லாரி ஓரம் கட்டி நின்றது. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பின்னால் இருந்தவையும் ஒவ்வொன்றாக நின்று அடங்கின. அம்மாவின் நடை தள்ளாடியது. காசியம்மா வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசி லாரியைத் தாண்டும்வரை இரண்டு பேரும் கையை விடவில்லை.