காருக்குத் தண்ணி வார்த்தவன்

ஒட்டப்பாளையத்துப் பண்ணக்காரர் சென்னியப்பனுடைய காரில் எந்த இடத்தில் கீறல் விழுகிறதோ, அவர் உடம்பிலும் அந்த இடத்தில் தோல் கீறிக்கொள்ளும். பானெட் என்றால் நெஞ்சு, கூரை என்றால் மண்டை, முன் மட்கார்டு இரண்டும் தோள்கள், பின்பக்கம் பின்பக்கமேதான். திருச்செங்கோட்டுச் சந்தையில் கடலைக்காய் என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் பிற்பாடு இதுவும் தெரிந்துபோனது. முதலில் தெரிந்துகொண்டவன் பண்ணையாள் தங்கசாமி. தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தவனும் அவன்தான்.

கார் வந்தது முப்பத்தாறாம் வருசம். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது. கொளுத்துகிற சித்திரையிலும் துரை முழுக்கைச் சட்டையைக் கழற்றியதில்லை என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள், வாங்கும்போது யாரும் அதை யோசிக்கவில்லை. கறுப்பு வண்டி. குனிந்து பார்த்தால் பல்லிடுக்கு தெரியும். பண்ணக்காரர் தானே ஓட்டப் பழகினார். இரண்டு வேலியும் ஒரு கோழியும் போனதோடு பழக்கம் வந்துவிட்டது. கழுவுகிற வேலை தங்கசாமி தலையில் விழுந்தது. மீசை முளைக்கும் முன்னாலிருந்தே அந்தப் பண்ணையத்தில் மாடு கழுவியவன் அவன். காருக்கும் நாலு கால் இருக்கவே, காளைக்குச் செய்ததையே இதற்கும் செய்தான். வைக்கோலைப் பிரியாக முறுக்கி, அடுப்புச் சாம்பலைத் தொட்டு, தூசியோடு தூசியாக நெற்றியிலிருந்து வால் வரைக்கும் ஒரே தேய். அந்த வாரமே பண்ணக்காரர் உடம்பெல்லாம் பூனை பிறாண்டிய மாதிரி மெல்லிய கோடுகள் எழும்பின. மூட்டைப்பூச்சி என்று அவர் சம்சாரம் சௌந்திரம் மெத்தையைத் தூக்கி வெயிலில் போட்டாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். அவருக்குப் புண் ஆறும், தங்கசாமி மறுபடியும் கழுவுவான்.

மாட்டுப் பொங்கலன்று காரையும் பட்டியில் நிறுத்திக் கும்பிட வேண்டும் என்றார் பண்ணக்காரர். காளைகளுக்குக் கண்ணாடிச் சில்லால் கொம்பு சீவி முடித்த தங்கசாமி காரைப் பார்த்தான். முன் மட்கார்டு இரண்டும் வளைந்து நின்றன. இதையும் சீவாமல் விட்டால் நாளைக்குக் குறை சொல்வார்கள் என்று சில்லை வைத்து ஒரு இழுப்பு இழுத்தான். வீட்டுக்குள் பண்ணக்காரர் அலறினார். தேள் கொட்டியிருக்கும் என்று நினைத்து மறுபக்கத்தையும் இழுத்தான். மறுபடியும் அலறல். வாசலுக்கு ஓடிவந்தவரின் இரண்டு தோளிலும் தோல் சுருள் சுருளாக உரிந்து தொங்கியது. தங்கசாமி சில்லைக் குப்பைமேட்டில் செருகிவிட்டு, குனிந்த தலை நிமிராமல் காளைக் கொம்புக்குக் காவி அடித்தான்.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருசம் இளஞ்சோளத் தட்டைத் தின்று ஒரு காளை வயிறு உப்பிச் செத்தபோது, அவனை வேப்பமரத்தில் கட்டிவைத்துச் சாட்டையால் வெளுத்திருந்தார். தழும்பு தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் கிடந்தது. காளைக்கே அந்த அடி என்றால், எசமான் தோலுக்கு எத்தனை அடி என்று அவனுக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. ஆளில்லாத ஒரு மத்தியானம் ஆணியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தான் என்பதும் உண்மைதான். மாட்டுக்குத் தவிடு கொண்டுவந்த அவன் பெண்டாட்டி செல்லாயி பார்த்துவிட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஆச்சரியப்படவில்லை.

"இழுத்துப்போடு. நாளைக்கு ஆரு ஊட்டுக் கூழைக் குடிக்கறதாமா?" என்றாள்.

ஆணி திரும்பக் கொட்டகைக்கே போனது.

வினை வேறு வழியில் வந்தது. உடம்பு ஏன் இப்படிக் கீறுகிறது என்று பண்ணக்காரர் வீட்டில் கோடாங்கி வைத்துக் குறி கேட்டார்கள். உடுக்கையை அடித்து ஆடிய கோடாங்கி, வாசலுக்குத் தண்ணீர் எடுத்துவருகிற பெண்ணின் கை என்று சொன்னான். தண்ணீர் எடுத்தவள் செல்லாயி. வெள்ளிக்கிழமை விடிவதற்குள் குடிசையைப் பிரித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று உத்தரவானது. செல்லாயி அப்போது ஏழு மாசம். கூரை ஓலையை இறக்கச் சொல்லி ஆள் வந்தபோது தங்கசாமிக்குச் சாட்டைப் பயம் விட்டுப்போனது. நேரே போய், காருக்குப் பக்கத்தில் நின்றிருந்த பண்ணக்காரர் முன்னால் நின்றான்.

"சாமி, அது என்ற பொண்டாட்டி கையில்லீங்க. என்ற கையிங்க."

"என்றா ஒளர்ற?"

அவன் சுண்டுவிரல் நகத்தால் பானெட்டில் நெல்லளவுக்கு ஒரு கோடு போட்டான். பண்ணக்காரர் நெஞ்சில் நெல்லளவுக்குச் சிவந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பிறகு சுவரில் தொங்கிய சாட்டையை எடுத்தார். பின்னால் சாய்ந்த தங்கசாமி விழுந்துவிடாமல் பானெட்டில் கையை ஊன்றினான். அந்தக் கை அங்கே இருப்பதைப் பண்ணக்காரர் பார்த்தார். அடித்தால் துள்ளுவான், துள்ளினால் நகம் படும். துரத்தினால் அடுத்து வருகிறவனும் வைக்கோல் பிரியோடுதான் வருவான். ஓங்கிய சாட்டை மெல்லக் கீழே இறங்கியது. அதுவரைக்கும் அவனை 'டேய்' என்பதைத் தவிர வேறு பேர் சொல்லிக் கூப்பிடாதவர், "தங்கசாமி, மெதுவாக் கையை எடு சாமி" என்றார். நிலைப்படியில் நின்ற சௌந்திரம் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்து, ஓலை இறக்குகிற ஆளைத் திருப்பிக் கூப்பிடச் சொல்லி அனுப்பினாள்.

அன்றிலிருந்து கார் கழுவும்போது வேப்பமர நிழலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு அவர் படுத்துக்கொள்வார். இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார்கள். ஒருவன் கையால், ஒருவர் தோலால். தூசியெல்லாம் கரைந்து ஓடுகிற வரைக்கும் வெறும் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், கை படக் கூடாது. சாம்பல் ஆகாது, சீயக்காய் எரியும், அரப்புத்தூளை வழவழவென்று கரைத்துப் பூசினால் சுகம். துணி என்றால் நாலு வருசம் உடுத்து நைந்த மல் வேட்டிதான். அதையும் நீளவாக்கில் இழுக்க வேண்டும், வட்டம் போட்டால் தலை சுற்றும். சக்கரம் துடைத்த துணியை மேலே கொண்டுவந்தால், "மணலுடா, மணலு, அந்தத் துணியக் கீள போடு சாமி" என்று கட்டிலிலிருந்து குரல் வரும். வெயிலில் கழுவி ஈரத்தை அப்படியே காயவிட்ட அன்றைக்கு அவருக்கு முதுகெல்லாம் தேமல் வந்தது. காக்காய் எச்சத்தைச் சுரண்டக் கூடாது, ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்டையில் கொப்புளம். இரண்டாம் வருசத்திலிருந்து காரில் ஊற்றுகிற தண்ணீர் அவர் மேலும் வழிய ஆரம்பித்தது. அதன்பிறகு அவர் தனியாகக் குளிப்பதை விட்டுவிட்டார். சொந்தக்காரர்கள் வந்து, அவர் தண்ணி வார்த்தாச்சா என்று கேட்டால், "தங்கசாமி இப்பத்தான் தொடைச்சுட்டிருக்கறானுங்க" என்பாள் சௌந்திரம்.

உலகச் சண்டைக் காலத்திலும் அதற்கப்புறம் சில வருசமும் பெட்ரோல் கிடைக்கவில்லை. கார் கொட்டகையில் நின்றது, கழுவுவது நிற்கவில்லை. அன்றைக்குச் செல்லாயி வயிற்றில் இருந்த பிள்ளை பெண்ணாகப் பிறந்து கண்ணாத்தாள் என்று பேர் வைக்கப்பட்டு, அந்தக் காலத்து வழக்கப்படி சின்ன வயசிலேயே அவளுக்குக் கல்யாணமும் குறித்தார்கள். பிரிக்காமல் விட்ட அதே குடிசை வாசலில் பந்தல் போட்டார்கள். பந்தல், பாத்திரம், விறகு என்று அலைந்ததில் தங்கசாமி ஒரு வாரமாகக் காரைத் தொடவில்லை. பண்ணையாள் வீட்டு வாசலை மிதித்திராத சென்னியப்பன் முகூர்த்தத்துக்குக் காரில்தான் வந்தார். இரண்டு காளைகளைப் பூட்டி இழுத்துவந்தார்கள். காளைகள் கிளப்பிய செம்மண் காரையும் அவரையும் ஒரே நிறமாக்கியிருந்தது. புருவத்தில்கூட மண். உடம்பு நமநமத்தாலும் சொறிந்துகொள்ள முடியவில்லை, அதற்குள் அவர் சொறிந்தாலும் கார் கீறும் என்றாகியிருந்தது.

"ஏனுங்க சாமி, தாலி கட்டி முடியட்டும், ரெண்டு கொடம் ஊத்தீர்றேன்" என்று தங்கசாமி கையைப் பிசைந்தான்.

"பொண்ணைப் பெத்தவன் இன்னைக்குக் கொடம் தூக்கறதா? போடா, போய் மாப்பளையப் பாரு" என்றார் அவர்.

பந்தி போட்டு எல்லாரும் உட்கார்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வைகாசியில் அப்படியொரு மழை அந்தப் பக்கத்தில் பெய்ததில்லை. பந்தலுக்கு மேலே தகரம் வேய்ந்திருந்ததால் உள்ளே ஒரு சொட்டும் இறங்கவில்லை. வெளியே நின்ற கார் மேல் கொட்டியது. பண்ணக்காரர் தலையிலிருந்து செந்தண்ணீர் வழிந்து, பிறகு வெள்ளைத் தண்ணீராகத் தெளிந்தது. அவர் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார். தங்கசாமி சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் துணி எடுக்க ஓடப் பார்த்தான். செல்லாயி அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்து அவன் முன்னாலும் ஒரு இலையைப் போட்டாள். பண்ணக்காரர் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், ரசத்தில் தண்ணீர் விழாமல் தன் இலையைச் சித்த நகர்த்திக்கொண்டு, பாயசம் எப்போது வரும் என்று கேட்டார்.