மெல்ல மிதிக்கச் சொன்னவள்

ஏழு தீவுக்கு ஏழு பாட்டு, முப்பது பிள்ளைகள், மூன்று மிருதங்கம். மாணவி மீனாம்பிகை போட்ட திட்டத்தைக் கேட்டு வகுப்பே வாயைப் பிளந்தது. புங்குடுதீவில் மூன்று மிருதங்கத்துக்கு எங்கே போவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

எண்பத்தேழாம் ஆண்டு, மாசி மாதம். யாழ்ப்பாணப் பட்டினத்தில் பள்ளிக்கூடங்களுக்கு இசைப்போட்டி. பெற்றோல் தட்டுப்பாட்டில் பஸ் ஓடினால் ஓடும், இல்லாவிட்டால் இல்லை. அதனால் தீவுப் பிள்ளைகள் வரவேண்டாம், கசெற்றில் பதிந்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் போதும் என்று கடிதம் வந்தது. ஒன்றரை மாதம் கிடக்கிறது என்று இருந்தவர்களுக்கு அது கிடைத்தது செவ்வாய்க்கிழமை.

பாட்டெல்லாம் மீனாம்பிகை தானே எழுதி மெட்டமைத்தவை. ஆவணியில் சோதனை, அதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அதற்குள் தன் பாட்டைப் பட்டினத்தார் ஒருமுறை கேட்டுவிடவேண்டும். அந்த ஆசை அவளைப் பிடித்து ஆட்டியது.

ஏழு நாலாகி, நாலு இரண்டாகி, கழுதை தேய்ந்து கட்டெறும்பானது. வியாழன் காலை மிஞ்சியவை புங்குடுதீவுப் பாட்டும் நெடுந்தீவுப் பாட்டும். புங்குடுதீவுப் பாட்டில் மீனாம்பிகைதான் முன்பாட்டு. மற்றதைத் தனியே பாட இருந்தவள் அவளுடைய சிநேகிதி கிறேசம்மா. படிப்புக்காகப் பெரியம்மா வீட்டில் நிற்கும் நெடுந்தீவுக்காரி. வகுப்பில் நல்ல குரல் அவளுடையதுதான் என்று மீனாம்பிகைக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தப் பாட்டை வெட்டினாள்.

"ஒரு பாட்டுக்குத்தான் நேரமிருக்கடி."

"ஓம், விளங்குது," என்றாள் கிறேசம்மா.

கடைகளில் பற்றரி இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றெக்கோடரை ஓட்டுவது அப்போது எல்லா வீட்டுக்கும் தெரிந்த வித்தை. மிதிக்க ஒரு ஆள் வேண்டும். வெட்டுப்பட்ட மற்றவர்கள் மூஞ்சியை நீட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. கிறேசம்மா ஏறி இருந்தாள்.

முதல் தரம் பதிந்தபோது பாட்டோடு சேர்ந்து டைனமோவும் இரைந்தது.

"மெல்ல மிதியடி!"

"மெல்ல மிதிச்சா றெக்கோடரும் மெல்லச் சுத்தி இழுபடுமெல்லே?"

"சொன்னதைச் செய். நாளைக்கு விடிய அரியநாயகம் மாஸ்ரர் பட்டினத்துக்குக் கொண்டுபோகவேணும்."

மெல்ல மிதித்தாள். பதிந்ததை அதே மிதியில் போட்டுக் கேட்டார்கள். தேனாக இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள், சைக்கிளில் இருந்தவளும்தான்.

திங்கட்கிழமை அரியநாயகம் மாஸ்ரர் வகுப்புக்குள் வந்தபோதே முகம் சரியில்லை.

"மெல்ல மிதிச்சுப் பதிஞ்சது, புதுப் பற்றரி போட்ட றெக்கோடரிலை ஒரே ஓட்டமா ஓடிச்சுது. அணில் கீச்சிட்டமாதிரிக் குரல். நடுவர்மார் விழுந்து விழுந்து சிரிச்சினம். பாதியிலை நிப்பாட்டிப்போட்டினம். எனக்குத் தலை நிமிர ஏலாமல் போச்சு." மேசையில் ஓங்கி அடித்தார். "மிதிச்சது ஆர்?"

மெல்ல மிதிக்கச் சொன்னது நான்தான் என்று ஒரு சொல் போதும். மீனாம்பிகைக்கு அது தொண்டை வரைக்கும் வந்தது.

"கிறேசம்மா, சேர்," என்றாள்.

மாஸ்ரர் திரும்பினார். "ஏன், பாடவிடேல்லை எண்ட எரிச்சலோ உமக்கு?"

கிறேசம்மா எழுந்து நின்றாள். மீனாம்பிகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டிய அளவு நேரம் கொடுத்தாள். மீனாம்பிகை கொப்பியை விரித்துக் குனிந்துகொண்டாள்.

"ஓம், சேர்," என்றாள் கிறேசம்மா.