மூலையில் எழுதியிருந்தது

கட்டுரையைத் திருப்பி அனுப்பிய ஆய்விதழ், மதிப்பீட்டாளரின் குறிப்பையும் கூடவே அனுப்பியிருந்தது. பேராசிரியை அதை நின்றுகொண்டே படித்தாள். நம்ப முடியாமல் உட்கார்ந்து மறுபடி படித்தாள். "நகர வரலாற்றில் அடிப்படையான நூலைக்கூட இக்கட்டுரையாளர் படித்ததாகத் தெரியவில்லை. அங்கே அறுபதடித் தெரு இருந்ததை அந்நூலின் மூன்றாம் அத்தியாயம் ஐயமற நிறுவியிருக்கிறது."

அந்த அடிப்படை நூலை எழுதியவளே அவள்தான். கட்டுரை எழுதியவர் யாரென்று மதிப்பிடுபவருக்குத் தெரியக் கூடாது என்பது ஆய்விதழ்களின் விதி. அவளே அதை எத்தனையோ மேடைகளில் வாயாரப் புகழ்ந்திருக்கிறாள். நன்றாக வேண்டும்!

"உன்னை வெச்சே உன்னை அடிச்சிருக்காங்க," என்று கணவர் சிரித்தார். அவள் முறைத்த முறைப்பில் மிச்சச் சிரிப்பை டீயோடு சேர்த்து விழுங்கினார்.

சிரிக்கிற விஷயமா இது? இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், பின்னாளில் அந்த நூலாக வெளிவந்த ஆய்வேட்டுக்காக ஆவணக் காப்பகத்தில் ஒரு பழைய வரைபடத்தின்மேல் மெல்லிய தாளை விரித்துப் படியெடுத்தாள். ஐந்து மணியானதும் காப்பக ஊழியர் அவள் தலைக்கு மேலேயே ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்துவிட்டார். தெருக்களை முடித்துவிட்டாள், கீழ்மூலையில் பொடி எழுத்தில் கிடந்ததை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டாள். அந்த 'நாளை' போன வருஷம்தான் வந்தது. மூலையில் எழுதியிருந்தது: 'உத்தேசத் திட்டம். அனுமதி மறுக்கப்பட்டது.' அறுபதடித் தெரு என்று ஒன்று போடப்படவே இல்லை. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதி அனுப்பியிருந்தாள்.

போடாத அந்தத் தெரு இதற்குள் அவளுக்குப் பட்டம், வேலை, பதவி உயர்வு, இரண்டு விருதுகள் எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டது. இப்போது மாநகராட்சி அதே அத்தியாயத்தைக் காட்டி, அங்கிருக்கும் பதினோரு கடைகளும் ஆக்கிரமிப்பு, பதினைந்தாம் தேதி இடிப்போம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. மூன்றாவது கடை பைண்டருடையது. அவளுடைய ஆய்வேட்டுக்குச் சிவப்பு அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்து அடித்துக் கொடுத்தவர். நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு அவர் நேரே அவளிடம்தான் வந்தார்.

"ஏதோ புத்தகத்துல போட்டிருக்காம்மா. எந்தப் பாவி எழுதினானோ! நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

"பார்க்கறேண்ணே," என்றாள்.

மாநகராட்சி அதிகாரியின் மேஜையில் அவளுடைய புத்தகம் இருந்தது.

"அந்தப் புத்தகம் தப்புங்க."

"நீங்க யாரு அதைச் சொல்ல?"

"அதை எழுதினவ."

அவர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அன்னைக்கு ஆராய்ச்சி பண்ணி எழுதிட்டு, இன்னைக்கு வந்து மாத்திச் சொன்னா எப்படிங்க? வேற வல்லுநர் யார்கிட்டயாவது கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

அவர் நீட்டிய வல்லுநர் பட்டியலில் இரண்டே பெயர்கள். ஒன்று அவளுடையது. அவளுக்கு முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மற்றது அவளுடைய பழைய மாணவன்; எதைப் பேசினாலும் ஆதாரம் காட்டுவதால் 'அடிக்குறிப்பு' என்று அவளே பெயர் வைத்தவன். இப்போது துறைத் தலைவர்.

அவள் விஷயத்தை ஆரம்பித்ததுமே அடிக்குறிப்பு உற்சாகமானான். "இதே மாதிரி ஒரு கட்டுரை எனக்கு வந்துச்சு மேடம். எவனோ விவரம் கெட்டவன், உங்க புத்தகத்தையே படிக்கல. நல்லா நாலு வாங்கு வாங்கி அனுப்பிட்டேன்."

"அந்த விவரம் கெட்டவன் நான்தாண்டா."

அவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"மூல வரைபடத்தை நீ பார்த்திருக்கியா?"

"நீங்கதான் பார்த்துட்டீங்களே மேடம். அப்புறம் நான் எதுக்குன்னு..."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்ட வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். அவள் மட்டும் என்ன கிழித்துவிட்டாள்? அவனை அப்படியே காப்பகத்துக்கு இழுத்துப்போய் வரைபடத்தின் முன்னால் நிறுத்தினாள். மூலையைப் படித்தவன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தான். பிறகு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டான்.

நோட்டீஸ் ரத்தானது பதிமூன்றாம் தேதி. அந்தக் கடிதத்தோடு அவள் பைண்டர் கடைக்குப் போனாள். பசை வாளியைத் தள்ளிவைத்து, அவளுக்கு ஸ்டூல் போட்டார். அவள் உட்காரவில்லை.

"அண்ணே, அந்தப் பாவி நான்தான். நீங்க பைண்ட் பண்ணிக் குடுத்தீங்களே, அந்தப் புத்தகம்தான்."

பைண்டர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். கையிலிருந்த பசையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"அதுல ஒரு படத்தை மடிச்சு ஒட்டினேன், ஞாபகம் இருக்கும்மா. மூணு மூலையில எழுத்து இருந்துச்சு. ஒரு மூலை மட்டும் காலி. விட்டுப்போச்சான்னு உங்களைக் கேட்கலாம்னுதான் இருந்தேன்."

"கேட்டிருக்கக் கூடாதாண்ணே?"

"படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாதான்னு விட்டுட்டேன்."