மங்கலான இரண்டு கோடுகள்

மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்தபோது அக்காவின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. காசநோய்க் கிருமியைத் தேடும் வேலை. கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிய சளியை நகர்த்தி நகர்த்தி நூறு இடங்களில் பார்க்க வேண்டும். நீலப் பரப்பில் மயிரிழை போலச் சிவப்புக் கோடு தென்பட்டால் நோய் உண்டு. நாளுக்கு முப்பது தகடு. பத்தொன்பது வருடமாக இதுதான். அன்று மதியச் சாப்பாடு கொண்டுவந்த தங்கை, அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து தானும் ஒருமுறை பார்த்தாள். அவள் வானாய்வு நிலையத்தில் இருப்பவள். தொலைநோக்கி எடுக்கும் படங்களில் மங்கலான விண்மீன் எது, தூசு எது என்று பிரிக்கும் கணினி நிரலை எழுதியவள்.

"நாங்களும் இதைத்தானேக்கா செய்யறோம். எங்க நிரலை இதுக்கு மாத்திப் பாக்கலாமா?"

"நட்சத்திரம் இருமாதுடி. இங்க ஒண்ணு தப்பிச்சா ஒரு வீடே படுத்துடும்."

சொன்னாளே தவிர, தலைமை மருத்துவரிடம் அனுமதி கேட்டவளும் அவள்தான். நுண்ணோக்கியின் மேல் கேமரா ஏறியது. முதல் வாரம் சாயத் துணுக்கு, கீறல், எல்லாவற்றையும் கிருமி என்றது நிரல். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உன் மிஷினும் அந்த ரகம்" என்று அக்கா சிரித்தாள். பிறகு ஒவ்வொரு மதியமும் திரைக்கு முன் உட்கார்ந்து, இது சாயம், இது கீறல், இதுதான் அது என்று படம் படமாகக் குறித்துக் கொடுத்தாள். கிருமி லேசாக வளைந்திருக்கும், சாயம் வளையாது. இத்தனை வருடம் தன் கண்ணுக்குள் மட்டுமே இருந்ததை இப்போதுதான் வாய்விட்டுச் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. மூன்று மாதத்தில் நிரலும் அவளும் ஒரே பதிலைச் சொல்லத் தொடங்கினார்கள்.

கடைசிச் சோதனைக்குப் பழைய தகடுகளை எடுத்தார்கள். ஒன்றில் மட்டும் பதில் மாறியது. பேருந்துப் பணிமனை மெக்கானிக் ஒருவருடையது. ஐந்து வாரத்துக்கு முன் 'கிருமி இல்லை' என்று அக்காதான் எழுதியிருந்தாள். எண்பத்து மூன்றாவது இடத்தின் ஓரத்தில் இரண்டு கோடுகள் இருப்பதாக நிரல் காட்டியது. அக்கா தகட்டை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள்.

தங்கை தயங்கினாள். "அவருக்கு உடனே சொல்லிடலாம். ஆனா சோதனை அறிக்கைல இதைச் சேக்க வேண்டாமேக்கா. உன் பேரு கெட்டுடும்."

"என் தப்புன்னே எழுது. கண்ணு இருக்கும்போது மிஷின் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு வேற என்ன பதில் சொல்லப்போற?"

மருத்துவரிடம் சொல்லிவிட்டு அக்கா அன்று பிற்பகலே பணிமனைக்குப் போனாள். ஒரு பேருந்தின் அடியிலிருந்து இருமல் கேட்டது. கூப்பிட்டதும் மெக்கானிக் வெளியே வந்தார். மெலிந்த தோளில் சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"உங்க சளியப் பாத்தது நான்தாங்க. ஒண்ணுமில்லைன்னு சொன்னது தப்பு. புதுசா வந்த மிஷின்ல திரும்பப் பாத்தோம், கிருமி இருக்கு. நாளைக்கே மருந்து ஆரம்பிச்சா முழுசாக் குணமாயிடும். வீட்ல இருக்கறவங்களையும் கூட்டிட்டு வாங்க."

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "மிஷின் கண்டுபிடிச்சுதாம்மா?"

"மிஷின் காட்டுச்சு. நான் பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் காலை ஆய்வக ஜன்னலிலிருந்து அக்கா பார்த்தாள். மருத்துவமனை வாசலில் மெக்கானிக்கும் மனைவியும் வந்துகொண்டிருந்தார்கள். மனைவியின் இடுப்பில் இருந்த குழந்தை அவரிடம் தாவக் கையை நீட்டியது. அவர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு இரண்டடி தள்ளியே நடந்தார். குழந்தை கையை மடக்கவே இல்லை.