மாப்பிள்ளை மூடி

எங்கள் பட்டறையில் மெஷினின் பெல்ட்டை மூடும் தகரப் பெட்டிக்கு மாப்பிள்ளை என்று பெயர். வைத்தவன் என் தம்பி.

"சிவப்பு பெயின்ட் அடிச்சுக்கிட்டு, வெளியாள் வந்தா மட்டும் தலையக் காட்டுது. வேலைன்னு ஒண்ணும் கிடையாது. வேற என்ன பேரு வைக்கறது மாமா?" என்று என் கணவரிடமே கேட்டான். எங்கள் வீட்டு மாப்பிள்ளை சிரித்துவிட்டு வெல்டிங்கைத் தொடர்ந்தார்.

மற்ற நாட்களில் அது சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். மக்காச்சோளம் உதிர்க்கும் மெஷினை நாங்கள் மூடி போடாமல்தான் ஓட்டிப் பார்ப்போம். பெல்ட்டில் சக்கை சேர்ந்தால் தம்பி மெஷினை நிறுத்தாமலே விரலால் தள்ளிவிடுவான்.

இங்கே விற்பனை படுத்துவிட்டது. வெளிநாட்டு ஆர்டர் கிடைத்தால் பட்டறை பிழைக்கும். இல்லையென்றால் ஷட்டரை இறக்கிவிட்டு ஆளுக்கு ஒரு பக்கம் வேலை தேட வேண்டியதுதான். அதைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசுவதில்லை.

ஆர்டர் கொடுக்க வேண்டியவர் நேரிலேயே வந்திருந்தார். உயரமான மனிதர், பேச்சு குறைவு. அவர் சொல்வதை இவர்களுக்கும் இவர்கள் சொல்வதை அவருக்கும் சொல்வது என் வேலை. மூடி இல்லாத மெஷின் அவர் நாட்டுத் துறைமுகத்தைத் தாண்டாது என்று முன்பே எழுதியிருந்தார். அதனால் அன்று மாப்பிள்ளை மெஷின் மேல் ஏறியிருந்தது.

கணவர் சுவிட்சைப் போட்டார். மணிகள் தொட்டியில் கொட்டின. வந்தவர் ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தார். ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. தலையாட்டினார். நான் மூச்சு விட்டேன்.

அப்போதுதான் ரப்பர் கருகும் வாடை வந்தது.

மூடிக்குள் சக்கை போய் அடைத்துக்கொண்டிருந்தது. மூடியோடு இவ்வளவு நேரம் இந்த மெஷினை நாங்கள் ஓட்டியதே இல்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. கணவர் என்னைப் பார்த்தார். நிறுத்தினால் மெஷின் தோற்றது என்று அர்த்தம். அவர் கை சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றது.

தம்பி குனிந்தான். பழக்கம். மூடியின் கீழ் விளிம்பைத் தூக்கி விரல்களை உள்ளே விட்டான். பெல்ட் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

"டேய்!" என்று கத்தினேன். சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

கணவர் சுவிட்சை அணைத்தார். உருளை சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. தம்பி கையை வெளியே எடுத்தான். கையுறையின் நுனி இல்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான்.

"இருக்கு மாமா," என்றான்.

வந்தவர் என்னிடம் ஒன்று கேட்டார். நான் சொன்னேன்: "எப்பவும் மூடி போட்டுத்தான் ஓட்டுவீங்களான்னு கேக்கறார்."

"ஆமான்னு சொல்லு," என்றார் கணவர், தரையைப் பார்த்தபடி.

புழுதி படிந்த சுவரில், மூடியின் அளவுக்கு ஓர் இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. வந்தவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. மூடிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரைச் சொல்லி, காரணத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மறுபடி ஒன்று கேட்டார்.

"இங்க வித்த மெஷினெல்லாம் எப்படி ஓடுதுன்னு கேக்கறார்."

தம்பி நுனி போன கையுறையைக் கழற்றினான். மூடியைச் சரிசெய்து, ஒரு முழு நாள் ஓட்டி, வீடியோ அனுப்புங்கள், பிறகு யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர் கிளம்பினார். பிறகு என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கணவர் மூடியைக் கழற்றி, சக்கை கீழே விழ எங்கே வெட்டலாம் என்று சாக்பீஸால் கோடு போட்டார். தம்பி சுவரிலிருந்த ஆணியைப் பிடுங்கினான். கோடு பாதியில் நின்றது.

"போன அறுவடைக்கு மெஷின் வாங்கிட்டுப் போனாரே, அவருக்கு போன் போடு," என்றார்.

போட்டுக் கொடுத்தேன்.

"அண்ணே, மெஷினோட ஒரு செவப்பு மூடி குடுத்தோமே, அது எங்க இருக்கு?"

"அதுவா? வந்த அன்னிக்கே கழட்டிச் செவுத்துல மாட்டியாச்சு. என்னப்பா, திருப்பி வேணுமா?"

போனில் அவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவருக்குப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.