நாற்பத்தொரு பேர் பார்த்த புள்ளி

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு தெரிய வந்தது. என்னுடையதுதான். சனிக்கிழமை எங்கள் கடலோர ஆய்வு அலுவலகத்தின் இணைய வரைபடத்தில் ஓய்வுப் படுகைக்குப் புள்ளி வைத்தபோது, ‘அலுவலகப் பார்வைக்கு மட்டும்’ என்ற கட்டத்தில் டிக் போட மறந்துவிட்டேன். கணினியில் வரைபடம் போடக் கற்கும் மாலை வகுப்பில் எல்லோரும் அவரவர் வரைபடத்தைத் திறந்தபோதுதான், என் புள்ளி ஊருக்கே தெரியும்படி கிடப்பதைப் பார்த்தேன். உடனே டிக் போட்டேன். மூன்று நாளில் யார் தேடிப் பார்த்திருக்கப் போகிறார்கள்? இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஓய்வுப் படுகை பற்றியும் ஒழுங்காக எழுத வேண்டும். இந்தக் கடலோரத்தின் பூர்வகுடிகளான கரைக்காரர்கள், மட்டி எடுக்கும் படுகைகளில் ஒன்றை ஏழு வருடம் மூடி வைக்கிறார்கள். அங்கிருந்து பெருகும் குஞ்சுகள்தான் மற்ற படுகைகளை நிரப்புகின்றன. வேலி இல்லை, கம்புகூட இல்லை. சரியான எல்லை, காவல் இருக்கும் குடும்பத்துக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு துடுப்புப் போடுவார்கள். இந்த முறை காவல், என்னோடு வேலை செய்யும் படகுக்கார அக்காவின் குடும்பம். புதிய படகுத்துறைக்காக அங்கே தோண்டிவிடக் கூடாதென்று, கரைக்காரர்களின் சபையோடு மல்லுக்கட்டி, வரைபடத்தில் குறிப்பதற்காக அந்த இடத்தை எனக்குக் காட்டியவர் அவர்தான்.

மார்ச் 12, புதன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஆறரைக்கு வருடாந்தரக் கணக்கெடுப்புக்குக் கிளம்பினோம்.

“என்ன பென்சில், மூஞ்சி ஏன் தொங்குது? வகுப்புல பெஞ்சு மேல ஏத்திட்டாங்களா?” என்றார் அக்கா. எப்போதும் நோட்டும் பென்சிலுமாக அலைவதால் அவர் எனக்கு வைத்த பெயர் அது.

“சரியா தூங்கலக்கா.”

“நாளைக்குச் சாப்பிடற தட்ட இன்னைக்கே கழுவி வைக்கிற ஆளாச்சே நீ. எப்படித் தூக்கம் வரும்?”

சிரித்துக்கொண்டேதான் போனோம். நீர் வடிந்து படுகை வெளியே தெரிந்தது. அக்கா எஞ்சினை அணைத்தார்.

படுகை முழுக்க உழுது போட்ட வயல்போல் கிடந்தது. இரும்புப் பல் வைத்த வாரியை இழுத்த கோடுகள், ஒன்றையொன்று ஒட்டி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை. நடுவில் நொறுங்கிய ஓடுகள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், வந்த வேலையைச் செய்தேன். சதுரச் சட்டத்தைப் பத்து இடத்தில் வைத்து, உள்ளே உயிரோடு இருந்த மட்டிகளை எண்ணினேன். பத்திலும் பூஜ்யம். போன வருடம் ஒரு சட்டத்துக்குள்ளேயே அறுபது இருந்தது.

அக்கா நொறுங்கிய மட்டி ஓடு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த இடம் தெரிஞ்சவங்க மூணே பேரு. நான், என் தம்பி, நீ.” என்னைப் பார்த்தார். “உனக்குப் படகக் கட்டவே தெரியாது.”

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திரும்பி வரும் வழி முழுக்க நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

கரையில் தம்பி வலையை அலசிக்கொண்டிருந்தார். நான் கயிற்றில் தட்டுத்தடுமாறி முடிச்சுப் போடுவதற்குள் அக்கா அவரை ஓங்கி அறைந்துவிட்டார்.

“என்னக்கா?” என்றார் அவர். அவ்வளவுதான் கேட்டார்.

“என்னன்னு சபையில கேட்டுக்கோ.”

நாளை எட்டு மணிக்குச் சபை. ஓய்வுப் படுகையில் கை வைத்தவன் இனி ஆயுளுக்கும் இந்தக் கரையில் படகு இறக்க முடியாது. தம்பிக்கு வேறு தொழில் தெரியாது.

அலுவலகத்துக்கு ஓடி, வரைபடத்தின் பார்வைப் பட்டியலைத் திறந்தேன். என் புள்ளியை நாற்பத்தொரு பேர் பார்த்திருந்தார்கள். அதில் ஒரே ஆள், ஞாயிறு மட்டும் பதினான்கு முறை.

மேலாளர் எட்டிப் பார்த்தார். “பார்த்தவன் எல்லாம் திருடனாம்மா? அவங்க வீட்டுச் சண்டை, அவங்களே தீர்த்துக்குவாங்க. நீ வாயத் திறந்தா நம்ம வரைபடத் திட்டத்தையே மூடிடுவாங்க.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்குமோ என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பட்டியலை அச்செடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வகுப்புக்குப் போகவில்லை.

அக்கா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை மூடினார்.

“நாங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போற இடத்த நாப்பத்தொரு பேரு பார்த்திருக்கான்.”

“ஆமாக்கா.”

“காலையில படகுல ஏன் சொல்லல?”

“பயம்க்கா.”

“யாரப் பாத்து?”

அக்கா தன் ஈரக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் அஞ்சு விரலும் அவன் கன்னத்துல இருக்கு. அதுக்கு அவன் கால்ல நான் விழுந்துக்கறேன். மத்தத நீ சபையில சொல்லு. நான் உன் பக்கத்துல வந்து நிக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

“சரிக்கா.”

“நானும் சபைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கு. இடத்தக் காட்டினது நான்தானே.”

என்னை வெளியே போகச் சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

நாளை: காலை எட்டு மணி, சபைக் கொட்டகை. ஏழரைக்கே போய்விட வேண்டும். பார்வைப் பட்டியல் இரண்டு பிரதி, பத்துச் சட்டக் கணக்குத் தாள் ஒன்று. தம்பியைக் கூப்பிடுவதற்கு முன் எழுந்து, டிக் போடாதது நான் என்று சொல்ல வேண்டும்.