நிலுவையில் ஒன்று

மாநகராட்சியின் மக்கள் குறைதீர் மையத்தில் ஆறு மேசைகள் இருந்தன. ஒவ்வொரு மேசையிலும் ஒரு தொலைபேசி, ஒரு கணினி, பார்த்துப் படிக்க அட்டையில் ஒட்டிய நான்கு வரிகள். மக்களின் குறைகளைத் தவிர அந்த அறையில் மற்ற எல்லாமே தீர்ந்துபோயிருந்தன: குடிநீர், காகிதம், பேனாவில் மை, நாற்காலிகளின் ஆயுள்.

நான்காவது மேசையில் இருந்தவளை அலுவலகத்தில் எல்லோரும் ‘நாலாம் மேசை’ என்றே கூப்பிட்டார்கள். ஐந்து வருடமாக ஆவண அறையில் தூசு தட்டிக்கொண்டிருந்தவளை மூன்று மாதம் முன்புதான் இங்கே மாற்றியிருந்தார்கள். அவள் குரல் இனிமையாக இருக்கிறது என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்தார்களாம். அந்தக் கண்டுபிடிப்பு அவள் வீட்டுக்கு இன்னும் எட்டவில்லை. வீட்டில் மாமியாரிடம் அவள் பேசுவதெல்லாம் ‘சரி அத்தை’, ‘ஆச்சு அத்தை’, ‘மேல வெச்சிருக்கேன் அத்தை’ என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும்.

மாற்றல் வந்த அன்றே கணவன் எச்சரித்திருந்தான், வேலை மாறியதை வெளியே மூச்சுவிடக் கூடாது, தெரிந்தால் தெருவே நம் வாசலில் வந்து நிற்கும் என்று. அவன் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவன். தூரத்தில் வருவது அவனுக்குக் கொஞ்சம் முன்னதாகவே தெரியும். அதனால் மாமியாரைப் பொறுத்தவரை மருமகள் இன்னும் ஆவண அறையில்தான் தும்மிக்கொண்டிருந்தாள்.

வேலை என்னவோ சுலபம்தான். அழைப்பு வந்தால் குறையைக் கேட்க வேண்டும், பதிய வேண்டும், ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். ஏழாம் நாள் அந்தப் புகாரை முடிக்க வேண்டும். முடிப்பதற்குத் திரையில் நான்கு வழிகள் இருந்தன. ‘தீர்க்கப்பட்டது’, ‘வேறு துறைக்கு அனுப்பப்பட்டது’, ‘புகார்தாரர் தொடர்பில் இல்லை’, ‘நிலுவையில் உள்ளது’. நான்காவதை அந்த அறையில் இதுவரை ஒருவரும் தொட்டதில்லை. தொட்டால் ஆணையரின் அறைச் சுவரில் இருக்கும் பெரிய திரையில் சிவப்பு விழும் என்று சொல்லிக்கொண்டார்கள்.

சிவப்பு விழாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். மாதக் கடைசியில் நூற்றுக்கு நூறு காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘நூறு சார்’. சேர்ந்த முதல் வாரத்தில், மூடாத குழியை மூடியதாக எப்படிப் பதிவது என்று அவள் தயங்கி நின்றபோது, அவர் பெரிய மனது பண்ணி விளக்கினார்.

“குழியை மூடறது இன்ஜினியர் வேலைம்மா. புகாரை மூடறது நம்ம வேலை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே.”

அவளும் குழப்பிக்கொள்ளவில்லை. பேருந்து நிறுத்தத்தைப் பேருந்து நிற்காத இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். தீர்க்கப்பட்டது. நாற்சந்தியில் நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் பச்சை விளக்கு எரிகிறது என்று ஒருவர் பதறினார். வேறு துறைக்கு அனுப்பப்பட்டது. மூன்று மாதத்தில் அவள் அந்த நகரத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே சீராக்கிவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போது மட்டும் கொஞ்சம் கீழே பார்த்து நடக்க வேண்டியிருந்தது.

ஏனென்றால் அவள் தெருமுனையிலேயே ஒரு பள்ளம் இருந்தது. குடிநீர்க் குழாய் போடப்போவதாகச் சொல்லிப் பதினொரு வாரத்துக்கு முன்னால் தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் குறுக்கே வெட்டினார்கள். வெட்டிய மண்ணைப் பக்கத்திலேயே குவித்தார்கள். ‘பணி நடைபெறுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அந்தப் பலகை ஒன்றுதான் அங்கே பணியில் இருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் தன் கடையில் துணி வெட்டும் பழைய மரப்பலகையைக் கொண்டுவந்து குறுக்கே போட்டிருக்காவிட்டால் தெருவே தீவாகியிருக்கும். தெருவில் எல்லோரும் வாய் ஓயாமல் குறைபட்டுக்கொண்டார்கள், ஒருவரிடம் ஒருவர்.

மாமியாருக்கு முட்டியில் தேய்மானம். வாரத்தில் இரண்டு நாள் டாக்சியில் போய்ப் பயிற்சி செய்துவிட்டு வருவார். பள்ளம் வந்தபின் டாக்சி உள்ளே வருவதில்லை. மரப்பலகையில் தையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டி, பெரிய சாலை வரை நடந்து போய் ஏற வேண்டும். முட்டிவலிக்குப் பயிற்சி செய்யப் போவதற்கே முட்டியை ஒடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் குறைதீர் மையத்துக்குப் போன் செய்தார். ஆறு மேசைகளில் அழைப்பு போய் விழுந்தது நான்காவதில்.

குரலைக் கேட்டதுமே மருமகளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. ஆனால் மறுமுனைக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாக்கியம் பேசும் மருமகளை மட்டுமே அறிந்த ஒருவருக்கு, ‘வணக்கம், தங்கள் குறையைத் தெரிவியுங்கள்’ என்று குழைகிறவளை எப்படி அடையாளம் தெரியும்? மாமியாரும் அப்படித்தான் இருந்தார். வீட்டில் அதட்டுகிறவர் போனில் ‘சொல்றேங்கம்மா, எழுதிக்கிறீங்களா’ என்று அவ்வளவு மரியாதையாகப் பேசினார். மருமகள் எழுதிக்கொண்டாள். எண்ணைக் கொடுத்தாள். ஏழாம் நாள் நான்கு மணிக்கு நூறு சார் வந்து பின்னால் நின்றபோது, ‘தீர்க்கப்பட்டது’ என்று அழுத்தினாள்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மாமியார் செல்போனைத் தூக்கிக் காட்டினார். தங்கள் குறை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று அதில் கேட்டிருந்தது.

“பேச்செல்லாம் தேன். உள்ள அத்தனையும் பொய்,” என்றார் மாமியார். “எந்த வீட்டுக்கு மருமகளா வந்து சேர்ந்திருக்காளோ, அந்த மாமியார் நெலமையை நெனச்சாத்தான் பாவமா இருக்கு.”

கணவனுக்குப் புரையேறியது. அவள் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, ‘ஆமா அத்தை’ என்றாள்.

இரண்டாம் முறையும் மாமியார் போன் செய்தார், இரண்டாம் முறையும் குறை தீர்ந்தது. அந்தப் போன்காரியின் வண்டவாளம் இப்போது தினமும் சாப்பாட்டோடு பரிமாறப்பட்டது. தையல்காரர் வீடு வரை அவள் பெயர் நாறியது. மருமகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சில நேரம் தானும் ஒரு வார்த்தை சேர்த்துத் திட்டினாள். மாமியாரும் அவளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது கல்யாணமாகி இதுதான் முதல் தடவை.

மூன்றாம் முறை அழைப்பு வந்தபோது அவள் மேசையில் இல்லை. காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு உள்ளறையில் படுத்திருந்தாள். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. கூடத்தில் மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு தாளைப் பார்த்து முணுமுணுப்பது தெரிந்தது. பேசப்போவதை எழுதிவைத்து ஒத்திகை பார்க்கிறார். தவறாகச் சொன்னால் வேலை நடக்காமல் போய்விடும் என்று பயம் போலிருக்கிறது. பிறகு எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

எடுத்தது மூன்றாம் மேசையாக இருக்க வேண்டும். மாமியார் தாளை இரண்டு வரிதான் படித்திருப்பார். அதற்குள் அந்தப் பக்கம் ஏதோ சொல்லப்பட்டது. மாமியாரின் குரல் இறங்கிவிட்டது.

“முடிஞ்சிருச்சுன்னு இருக்குங்களா? சரிங்கம்மா. நான்தான் சரியாப் பாக்கலை போல.”

போனை வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஜன்னலுக்குப் போய்த் தெருமுனையை எட்டிப் பார்த்தார். உண்மையிலேயே மூடிவிட்டார்களோ என்று பார்த்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

உள்ளறையில் மருமகள் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டாள். இதுவரை வாங்கிய திட்டு ஒன்றும் அவளை ஒன்றும் செய்யவில்லை. இது செய்தது.

மறுநாள் காய்ச்சல் முழுதாக விடுவதற்கு முன்பே வேலைக்குப் போனாள். முந்தின நாள் மூன்றாம் மேசை பதிந்து, பேச்சு முடிவதற்குள் முடித்தும் வைத்திருந்த புகாரைத் திறந்தாள், நான்காவது வழியை அழுத்தினாள். ‘நிலுவையில் உள்ளது.’ வானம் இடிந்து விழவில்லை. மதியம் வரை யாருமே கவனிக்கவில்லை.

நான்கு மணிக்கு நூறு சார் கவனித்தார். அது மாதத்தின் கடைசி நாள். நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு புகார்களில் நாலாயிரத்து முன்னூற்றுப் பதினொன்று தீர்க்கப்பட்டிருந்தன. ஒன்று சிவப்பாக இருந்தது. அவர் முகமும் கிட்டத்தட்ட அதே நிறத்துக்கு வந்தது.

“மாத்தும்மா.”

“பள்ளம் அப்படியே இருக்கு சார்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“தினம் அந்த வழியாத்தான் சார் வரேன்.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். புகாரைச் சரிபார்க்கப் பள்ளத்தையே போய்ப் பார்த்த ஊழியரை அவர் தன் சர்வீசில் சந்தித்ததில்லை. “உன்னைப் பள்ளத்தைப் பாக்கச் சொல்லலை, தேதியைப் பாக்கச் சொன்னேன்,” என்றார். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரே கணினிச் சுட்டியைப் பிடுங்கி மாற்ற முனைந்தபோது ஆணையர் அறையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. சுவர்த் திரையில் சிவப்பாக ஏதோ தெரிகிறதாம், திரை பழுதா என்று கேட்டார்கள்.

நகரம் முழுவதிலும் இருக்கும் ஒரே குறை அதுதான் என்றால், ஒரு மாநகராட்சி என்ன செய்யும்? இருக்கிற படை அத்தனையும் கொண்டுவந்து அங்கே இறக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தெருமுனையில் மூன்று லாரிகள், ஒரு ரோடு ரோலர், இரண்டு இன்ஜினியர்கள், இருபது தொழிலாளர்கள், படமெடுக்க ஒருவர். அத்தனை வாரமாக வராத குழாய் எங்கிருந்தோ வந்து பத்து மணிக்குள் புதைந்தது. மதியத்துக்குள் மேலே தார் பளபளத்தது. கையிருப்பில் பெயிண்ட் மீந்துபோனதால், ஒரு நாளைக்கு நாற்பது பேர் நடக்கும் அந்த முட்டுச்சந்தில் பாதசாரிகள் கடக்கக் கோடும் போட்டார்கள். தையல்காரர் அந்தக் கோட்டின் மேலேயே இரண்டு முறை போய்வந்து பார்த்தார். அவருடைய மரப்பலகையையும் வருத்தப் பலகையோடு சேர்த்து லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அதற்கு யாரிடம் புகார் கொடுப்பது என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு நூறு சாரே ஒரு படிவத்தோடு மாமியார் வீட்டு வாசலுக்கு வந்தார். ‘முழு திருப்தி’ என்று அச்சிட்டே வைத்திருந்த இடத்தில் மாமியார் கையெழுத்துப் போட வேண்டும். மாமியார் கண்ணாடியைத் தேட, உள்ளேயிருந்து அதை எடுத்துக்கொண்டு மருமகள் வெளியே வந்தாள்.

“நாலாம் மேசையா? நீ எங்கம்மா இங்க?” என்றார் நூறு சார். வீட்டையும் அவளையும் புகார் கொடுத்தவரையும் மாறிமாறிப் பார்த்தார். “ஓ, சொந்த வீட்டுப் புகாரா? அதான் போன்ல எடுத்ததையெல்லாம் முடிச்சவ இதை மட்டும் தொங்கல்ல விட்டியா?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார்.

கணவன் அன்றைக்குப் பார்த்துக் கடையில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிவிட்டான், ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பதையும் மறந்து. சாயங்காலம் மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மாமியார் வந்து எதிரில் உட்கார்ந்தார். என்னென்ன வரப்போகிறதோ என்று அவள் குனிந்தபடியே இருந்தாள்.

“போன்ல நல்லாத்தானே பேசறே,” என்றார் மாமியார். “வீட்லயும் அப்படிப் பேசினா என்ன கொறஞ்சு போயிடுவே?”

“நீங்களும் போன்ல என்னை வாங்க போங்கன்னு பேசினீங்க, அத்தை.”

மாமியார் ஒரு சட்டையை இழுத்து மடிக்கத் தொடங்கினார். மடித்து முடித்து, அடுத்ததையும் எடுத்துக்கொண்டார். “அன்னிக்கு நீ உள்ள படுத்திருந்தியே, எல்லாத்தையும் கேட்டியா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் மடித்ததை அவள் அடுக்கின் மேல் வைத்தார்.

அடுத்த வாரம் மாநகராட்சி தன் தவற்றைத் திருத்திக்கொண்டது. கணினியை மேம்படுத்துகிறோம் என்று சொல்லித் திரையிலிருந்து ‘நிலுவையில் உள்ளது’ என்பதை எடுத்துவிட்டார்கள். நாலாம் மேசைக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது. அவள் விளக்கம் எழுதிக் கொடுத்தாள், பள்ளம் மூடப்படாத காரணத்தால் புகார் மூடப்படவில்லை என்று. அதை எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியாமல் நூறு சார் இழுப்பறையில் போட்டுவைத்தார்.

ஆனால் அவள் வீட்டில் ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தாள், அதுவும் தேன் குரலில். போனில் வரும் புகாரை யாரும் முடித்துவிடலாம். நேரில் எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டால், கொடுத்தவர் கையெழுத்து இல்லாமல் அதை எவரும் முடிக்க முடியாது. பழைய சட்டம், எடுக்க மறந்துபோனார்கள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு டாக்சி ஒன்று மாநகராட்சி வாசலில் வந்து நின்றது. மாமியார் இறங்கினார். பின்னாலேயே நடந்து வந்து சேர்ந்தார்கள் தையல்காரரும் தெருக்காரர்கள் ஆறு பேரும். எல்லோர் கையிலும் மனுக்கள். மொத்தம் பதினேழு, பலகை காணாமல் போனதையும் சேர்த்து. நாலாம் மேசை எழுந்து நின்று, உட்காருங்கள் அம்மா, தங்கள் குறை என்ன என்று கேட்டாள். மாமியார் சாவகாசமாக உட்கார்ந்து, எழுதிக்குங்கம்மா, மெதுவாச் சொல்றேன் என்று முதல் தாளைப் பிரித்தார். உள்ளே நூறு சார் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.